சத்தம் வந்ததா, சொல்லுங்கள்

பழைய டிஜிட்டல் கேமராவைப் புதிய லேப்டாப்பில் செருகிவிட்டு எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் வேலை கொடுக்க வேண்டியது கண்ணுக்கு அல்ல, காதுக்கு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி வழியாக எது வந்து சேர்ந்தாலும் ‘டொடிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கேமராவைச் செருகியதும் அந்தச் சத்தம் வந்ததா, வரவே இல்லையா, வந்து வந்து போகிறதா என்பதிலேயே கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

சத்தமே இல்லையென்றால் கேபிளில் பழுது, அல்லது கேமரா இன்னும் வாயைத் திறக்கவில்லை. சத்தத்தோடு ‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று ஓர் அறிவிப்பும் வந்தால், இரண்டும் சந்தித்துக்கொண்டன, ஆனால் அறிமுகம் பாதியில் நின்றுபோனது. சத்தம் நல்லபடியாக வந்து, குறை சொல்லும் அறிவிப்பும் இல்லாமல், படங்கள் மட்டும் கண்ணில் படவில்லை என்றால் அறிமுகம் முடிந்துவிட்டது; பேசும் மொழிதான் ஒத்துவரவில்லை. மூன்றும் வேறு வேறு சிக்கல்கள். நடைமுறையில் பலரும் நேராக டிரைவரைத் தேடத்தான் ஓடுகிறார்கள். ஏதேதோ தளங்களிலிருந்து எதையெதையோ இறக்கிப் போட்டு, இல்லாத வைரஸையும் வரவழைத்த பிறகு, கேபிளுக்குள் தகவல் கம்பியே இல்லை என்பது தெரியவரும்.

இதற்கெல்லாம் முன்னால், கேபிள் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். படங்கள் இருப்பது மெமரி கார்டில். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கார்டு ரீடரில் கார்டைப் போட்டால் கேமராவின் வயதும் பேட்டரியும் டிரைவரும் கணக்கிலேயே வராது. டிசிஐஎம் என்ற ஃபோல்டரைத் திறந்தால் படங்கள் இருக்கும். கேமராவுக்குள் ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் எப்படிப் பெயர் வைப்பது என்று ஜப்பானிய மின்னணுத் துறை 1998-இல் ஒரு விதிமுறை எழுதியது. அன்றைய கேமராவிலும் இன்றைய ஆண்ட்ராய்டு போனிலும் அதே பெயர்தான் நிற்கிறது. என்னைக் கேட்டால், கார்டைக் கழற்றிப் படிக்க முடிகிற வரைக்கும் கேபிளோடு மல்லுக்கட்டுவது வீண்.

கார்டைப் போட்டதும் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று விண்டோஸ் கேட்டால் மட்டும் சம்மதிக்கக் கூடாது. ஃபைல்களின் அட்டவணை கெட்டிருக்கிறது என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. படங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஜேபெக் படம் எதுவானாலும் ஒரே இரண்டு பைட்டுகளோடுதான் தொடங்கும். அட்டவணையைப் பார்க்காமல் அந்தத் தொடக்கத்தைத் தேடியே படங்களை மீட்டெடுக்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

எல்லாக் கார்டும் எஸ்டி கார்டு போல இணக்கமானது அல்ல என்பதுதான் சங்கடம். 2000-ஐ ஒட்டி வந்த பல கேமராக்களில் காம்பாக்ட் ஃபிளாஷ் இருந்தது. அதற்கு ரீடர் இன்னும் கிடைக்கிறது. போடும் முன் ரீடருக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்: இரண்டு வரிசையில் ஊசி ஊசியாக 50 பின்கள் நிற்கும். அதில் ஒன்று சாய்ந்திருந்து, கவனிக்காமல் கார்டை அழுத்தினால் ரீடரோ கார்டோ போய்விடும். சோனியின் மெமரி ஸ்டிக்கும் தேடினால் படிக்க வழி உண்டு. உண்மையான தொல்லை ஸ்மார்ட்மீடியாவும் எக்ஸ்டி பிக்சர் கார்டும். முன்னது 1995-இல் தோஷிபா கொண்டுவந்தது. பின்னது 2002-இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து கொண்டுவந்தது.

எஸ்டி, காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுகளுக்குள் நினைவகச் சில்லு மட்டுமல்லாமல் அதை நிர்வகிக்கும் ஒரு குட்டிக் கன்ட்ரோலரும் இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் பிறவியிலேயே சில பகுதிகள் பழுதாக இருக்கும், எழுதி எழுதிச் சில பகுதிகள் தேயும். எது பழுது, எதற்குப் பதில் எது என்ற கணக்கையெல்லாம் அந்தக் கன்ட்ரோலர் வைத்துக்கொண்டு, வெளியே இருப்பவருக்கு ஒழுங்கான வரிசை எண்களை மட்டும் காட்டும். ஸ்மார்ட்மீடியாவிலும் எக்ஸ்டியிலும் அந்தக் கன்ட்ரோலர் கிடையாது. வெறும் சில்லு, கணக்கு முழுவதும் கேமராவின் பொறுப்பு. கார்டு மெலிந்தது, விலையும் குறைந்தது. ஆனால் அதைப் படிக்கும் ரீடர் எதுவானாலும் அந்தக் கணக்கு முறையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இப்போது விற்கும் ரீடர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியாது. அந்த வடிவத்துக்குத் துளையே வைப்பதில்லை. கம்ப்யூட்டரில் வைத்து ஃபார்மேட் செய்த ஸ்மார்ட்மீடியாவைப் பல கேமராக்கள் பிறகு தொடவே தொடாது என்பதற்கும் காரணம் இதுதான். இந்தக் கார்டுகளுக்குக் கேமராதான் சிறந்த ரீடர். எனவே கேபிளுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

கார்டே இல்லாமல் உள்நினைவகத்தில் படங்கள் மாட்டிக்கொண்டிருப்பது இன்னொரு வகை. கோடாக் ஈஸிஷேர் வரிசையில் பல கேமராக்களில் 16 அல்லது 32 எம்பி உள்ளேயே இருந்தது. இதற்கு ஒரு சுற்றுவழி உண்டு: பல கேமராக்களின் மெனுவில் உள்ளே இருப்பதைக் கார்டுக்கு நகலெடுக்கும் ‘காப்பி’ வசதி இருக்கும். அதற்காகக் கடைக்குப் போய் 32 ஜிபி கார்டு வாங்கி வந்தால் கேமரா ஏற்காது. பழைய எஸ்டி கார்டில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண். 32 பிட் எண்ணை வைத்துக்கொண்டு 4 ஜிபிக்கு மேல் எண்ண முடியாது. விதிமுறை 2 ஜிபியோடு நிறுத்திக்கொண்டது. 2006-இல் எஸ்டிஹெச்சி வந்தபோது அதே 32 பிட் எண்ணை, 512 பைட் கொண்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று மாற்றினார்கள். எண்ணக்கூடிய உச்சவரம்பு ஒரே தாவலில் 2 டிபிக்குப் போயிற்று. புதிய ரீடருக்கு இரண்டு கணக்கும் தெரியும். பழைய கேமராவுக்குப் பழைய கணக்குதான் தெரியும். 2 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த, வெறும் ‘எஸ்டி’ என்று மட்டும் அச்சடித்த கார்டைத்தான் தேட வேண்டும்.

சரி, கேபிளுக்கு வருவோம்.

கேபிளின் அகலமான முனைக்குள் எட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் பட்டை மேல் நான்கு உலோகத் தகடுகள் இருக்கும். ஓரத்து இரண்டும் சற்று நீளம், நடு இரண்டும் குட்டை. ஓரத்தில் இருப்பவை மின்சாரத்துக்கு: ஒன்று 5 வோல்ட், மற்றது கிரவுண்டு. நடுவில் இருப்பவை தகவலுக்கு. நீளத்தில் உள்ள வித்தியாசம் வேண்டுமென்றே வைத்தது. செருகும்போது மின்சாரம் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் வராத சர்க்யூட்டின் வாயில் தகவல் போய் விழும்.

எம்பி3 பிளேயர், ஸ்பீக்கர், டேஷ் கேமரா என்று ஏதேதோ வாங்கியபோது வந்த மினி யூஎஸ்பி கேபிள்கள் எல்லா வீட்டு டிராயரிலும் கிடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கேமரா கேபிளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பல, சார்ஜ் ஏற்றுவதற்கென்றே செய்தவை. உள்ளே தகவலுக்கான இரண்டு கம்பிகளும் இல்லை. கேமரா விளக்கு எரிந்தால்கூட அது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. இதே கேபிளில் வேறொரு சாதனத்திலிருந்து, உதாரணமாகப் பழைய போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கிலிருந்து, ஒரு ஃபைலை நகலெடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

கேமரா பக்கத்து முனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கேனன் பெரும்பாலும் ஐந்து பின் கொண்ட வழக்கமான மினி போர்ட்டையே வைத்தது. நிக்கான் கூல்பிக்ஸ் உட்பட வேறு பலவற்றில் எட்டுப் பின் கொண்ட தட்டையான முனை. யூசி-ஈ6 என்ற பெயரில் தேடினால் கிடைக்கும். எட்டில் சில பின்கள் டிவிக்குப் படம் அனுப்புவதற்கு. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், ஆனால் ஒன்றை மற்றதில் அழுத்தினால் போர்ட் உடையும். சென்னைக்காரர்கள் கேமராவையே எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்குப் போய்ச் செருகிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

நல்ல கேபிளைப் போட்ட பிறகும் சத்தம் வரவில்லையா? இப்போது ஒரு ரெசிஸ்டரின் கதைக்குள் போக வேண்டும்.

யூஎஸ்பியில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் சாதனம் பேசும். தானாக வாய் திறக்காது. அப்படியானால் ஒரு சாதனம் வந்திருக்கிறது என்பதே கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் தன் பக்கத்தில் இரண்டு தகவல் கம்பிகளையும் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வழியே பூஜ்ய வோல்ட்டில் இழுத்துப் பிடித்திருக்கும். கேமரா தயாரானதும் ஒரு கம்பியை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கும். பத்தில் ஒரு பங்கு தடை என்பதால் இழுபறியில் கேமரா ஜெயிக்கிறது. கம்பி 3 வோல்ட் அளவுக்கு ஏறிவிடும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்கிறது. இரண்டில் எந்தக் கம்பி ஏறியது என்பது வேகத்தையும் சொல்லிவிடும்: ஒன்று ஏறினால் விநாடிக்கு 12 மெகாபிட், மற்றது ஏறினால் மவுஸ், கீபோர்டுக்குப் போதுமான 1.5 மெகாபிட்.

அந்த ரெசிஸ்டரை எப்போது இணைப்பது என்பது கேமராவின் உள்ளே இருக்கும் மென்பொருளின் முடிவு. பல பழைய கேமராக்கள் படம் எடுக்கும் நிலையில் இருக்கும்போது அதை இணைப்பதே இல்லை. படம் பார்க்கும் பிளேபேக் நிலைக்குத் திருப்பினால்தான் இணைக்கும். கேமராவை ஆன் செய்யாமலே கேபிளைச் செருகிக் காத்திருப்பவர்களும் உண்டு. இன்றைய போன் பழக்கம் அது. அந்தக் காலத்துக் கேமராக்கள் பெரும்பாலும் யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடுபவை அல்ல, சொந்தப் பேட்டரியில் ஓடுபவை. பேட்டரி சோர்ந்திருந்தால் கேமரா எழுந்து, ரெசிஸ்டரை இணைத்து, மின்னழுத்தம் சரிந்து, படுத்துவிடும். சத்தம் வந்து வந்து போவதற்கு முதல் சந்தேகம் இங்கேதான்; கேபிள் முனையின் ஆட்டம் அடுத்தது.

டைப்-சி போர்ட் மட்டுமே உள்ள லேப்டாப்பில் இந்தக் கதைக்கு இன்னொரு படி கூடுகிறது. பழைய அகலமான போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் தயாராக இருக்கும். டைப்-சி போர்ட் அப்படியில்லை. எதிரே சாதனம் இருக்கிறது என்று உறுதியாகும் வரை அது மின்சாரமே தராது. இருபுறமும் ஒரே முனை என்பதால் இரண்டு கம்ப்யூட்டர்களை யாராவது இணைத்துவிட்டால் மின்சாரத்தோடு மின்சாரம் மோதும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு. உறுதி செய்வதற்கு அடையாளம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. டைப்-சியிலிருந்து பழைய அகலப் போர்ட்டுக்கு மாற்றும் அடாப்டருக்குள்ளும், டைப்-சியிலிருந்து மினிக்குப் போகும் கேபிளின் சி முனைக்குள்ளும் அது இருக்க வேண்டும். மலிவான சிலவற்றில் இருக்காது. அந்த அடாப்டரில் ஒரு பென் டிரைவைப் போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால் அடாப்டர் மேல் பழி போட முடியாது.

இனி இரண்டாவது வகை: சத்தம் வருகிறது, கூடவே அடையாளம் தெரியவில்லை என்ற அறிவிப்பும் வருகிறது. கம்பி ஏறியதைப் பார்த்த கம்ப்யூட்டர், சாதனத்தை ஒரு முறை மீட்டமைத்துவிட்டு, ‘நீ யார்?’ என்று கேட்கும். புதிதாக வந்த சாதனத்துக்கு முகவரி பூஜ்யம். பதில் 18 பைட் நீளமுள்ள ஒரு சீட்டு. அதில் தயாரிப்பாளர் எண், மாடல் எண், யூஎஸ்பி பதிப்பு எல்லாம் இருக்கும். கேனனுக்கு 04ஏ9, நிக்கானுக்கு 04பி0 என்று உலகம் முழுக்க ஒரே எண். பதிலைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் 1 முதல் 127-க்குள் ஒரு முகவரியை ஒதுக்கும். இந்தச் சீட்டு வந்து சேராவிட்டால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 43 என்ற பிழை எண்ணும் தெரியும். சாதனத்தின் விவரத்தைத் திறந்தால் தயாரிப்பாளர் எண் இருக்க வேண்டிய இடத்தில் 0000 என்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டால் கேமரா டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். வந்திருப்பது எந்தக் கேமரா என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாதபோது எந்த டிரைவரை அது எடுக்கும்?

யூஎஸ்பி 3 போர்ட் பழைய கேமராவை ஏற்காது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கம்பி அளவில் அது தவறு. 1996-இல் வந்த யூஎஸ்பியின் அதே நான்கு தகடுகள் 2008-இல் அறிவித்த யூஎஸ்பி 3 போர்ட்டிலும் அதே இடத்தில் இருக்கின்றன. வேகத்துக்கான ஐந்து புதிய தொடுமுனைகள் கூடுதலாகப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். யூஎஸ்பியை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவரான, பரோடாவில் படித்த அஜய் பட், முனையைப் புரட்டிச் செருக முடியாமல் வைத்தது ஏன் என்பதற்குச் செலவைத்தான் காரணமாகச் சொல்லியிருக்கிறார். அந்த எரிச்சலை மன்னித்துவிடலாம். அவர்கள் வைத்த நான்கு கம்பி ஏற்பாடு இன்றுவரை வாக்குத் தவறவில்லை.

மாறியது கம்பிக்குப் பின்னால் இருக்கும் கன்ட்ரோலர். பழைய கம்ப்யூட்டர்களில் 12 மெகாபிட் வேகத்துக்கு ஒன்று, 480 மெகாபிட்டுக்கு இன்னொன்று என்று தனித்தனிக் கன்ட்ரோலர்கள் இருந்தன. இப்போது எல்லா வேகத்துக்கும் ஒன்றே. 2001-இல் கேமராவின் மென்பொருளை எழுதியவர்கள் அன்றிருந்த கன்ட்ரோலர்களோடுதான் சோதித்துப் பார்த்திருக்க முடியும். பதில் சொல்லக் கொஞ்சம் தாமதிக்கும் கேமராவை அன்றையது பொறுத்துக்கொண்டது, இன்றையது பொறுத்துக்கொள்ளாமல் போகலாம். இதற்கு ஆச்சரியப்படும்படி எளிய வழி ஒன்று இருக்கிறது: இரண்டுக்கும் நடுவே ஒரு யூஎஸ்பி 2.0 ஹப்.

அந்த ஹப்புக்குள் வேகத்தை மாற்றிக் கொடுக்கும் ஒரு சர்க்யூட் இருக்கிறது. கம்ப்யூட்டர் பக்கம் அது 480 மெகாபிட்டில் பேசும். கேமரா பக்கம் 12-இல் பேசும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்ற அந்தக் காலத்துத் துபாஷி மாதிரி, கேமரா நிதானமாகச் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் அடுத்த முறை விசாரிக்கும்போது அதன் வேகத்தில் சொல்லிவிடும். கம்ப்யூட்டர் நேரடியாகப் பேசுவது ஹப்போடு மட்டும்தான். கேமரா 480 மெகாபிட் வகையாக இருந்தாலும்கூடத் தேய்ந்துபோன சிக்னலை ஹப் புதுப்பித்து அனுப்புவதால் சில சமயம் பலன் உண்டு. பழைய ஹப் ஒன்று வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘யூஎஸ்பி 2.0’ என்று பெட்டியில் போட்டிருந்தாலே 480 மெகாபிட் என்று அர்த்தம் இல்லை. 2000-இல் வந்த 2.0 விதிமுறை பழைய 12 மெகாபிட் வேகத்தையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. அதனால் ‘யூஎஸ்பி 2.0 ஃபுல் ஸ்பீடு’ என்று கூசாமல் விளம்பரம் செய்தார்கள். முழு வேகம் என்று பெயர். உண்மையில் 12 மெகாபிட். விநாடிக்குத் தோராயமாக 1 எம்பி என்று வைத்துக்கொண்டால் 512 எம்பி கார்டு காலியாக எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் பட்டியல் எடுக்கவே நேரம் பிடிக்கும். திரை வெறுமையாகத் தெரியும். தொங்கிவிட்டது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்குவதற்கு முன் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

மூன்றாவது வகைதான் ஆளைச் சுற்றவைப்பது. அறிமுகம் முடிந்துவிட்டது, கேமராவின் பெயர்கூட டிவைஸ் மேனேஜரில் தெரிகிறது, படம் மட்டும் இல்லை. அறிமுகத்தின்போது கேமரா தன் வகை எண்ணையும் சொல்கிறது. 8 என்றால் ‘என்னை ஒரு பென் டிரைவாக நினைத்துக்கொள்’ என்று பொருள். 6 என்றால் ‘நான் கேமரா, பிடிபி பேசுவேன்’. 255 என்றால் ‘என் மொழி என் கம்பெனிக்கு மட்டுமே தெரியும்’.

முதல் இரண்டுக்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. பென் டிரைவ் முறையில் கம்ப்யூட்டர் கார்டின் 512 பைட் கட்டங்களை நேரடியாக எடுத்தாளும். அந்த நேரத்தில் கேமரா கார்டைத் தொடக் கூடாது. தொட்டால் இரண்டு பேர் ஒரே அட்டவணையில் எழுதி இரண்டும் கெடும். பிடிபியில் கார்டு கேமராவின் பொறுப்பிலேயே இருக்கும். ‘என்னென்ன படம் இருக்கிறது? 14-ஆவதைக் கொடு’ என்று கம்ப்யூட்டர் கேட்க, கேமரா எடுத்துக் கொடுக்கும். உள்ளே இருப்பது ஸ்மார்ட்மீடியாவா, எக்ஸ்டியா, என்ன கணக்கு முறை என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தேவையில்லை. அமெரிக்கப் புகைப்படக் கருவித் தயாரிப்பாளர் சங்கம் 2000-இல் வெளியிட்ட விதிமுறை இது. பிறகு ஐஎஸ்ஓ 15740 ஆனது. இன்று ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டரில் செருகும்போது பேசும் எம்டிபி இதன் விரிவாக்கம்தான். அதனால் பிடிபி மறக்கப்பட வாய்ப்பே இல்லை. மேக்கில் ஃபைண்டரில் கேமராவைத் தேடினால் கிடைக்காது. இமேஜ் கேப்சர் என்ற மென்பொருளைத் திறந்தால் அங்கே காத்திருக்கும்.

பல கேமராக்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மொழி தெரியும். எதைப் பேசுவது என்பது மெனுவில் இருக்கும். 2004-இல் வந்த நிக்கான் டி70-இல் ‘மாஸ் ஸ்டோரேஜ்’, ‘பிடிபி’ என்று இரண்டு. 2005-இல் வந்த கேனன் ஈஓஎஸ் 350டி-யில் ‘பிரிண்ட்/பிடிபி’, ‘பிசி கனெக்ட்’ என்று இரண்டு. இந்த 350டி-யில் கம்ப்யூட்டரோடு இணைக்க நினைக்கும் எவரும் இயல்பாக ‘பிசி கனெக்ட்’டைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதுதான் இன்றைய கம்ப்யூட்டருக்கு ஒத்துவராதது. அது கேனனின் சொந்த மொழி. அதற்கான டிரைவர் 32 பிட் விண்டோஸ் காலத்தது. பிரிண்டருக்கு என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் 11 எந்த டிரைவரும் கேட்காமல் படங்களைக் காட்டும். மெனுவில் பெயர் வைத்தவர்களுக்கு இருபது வருடத்துக்கு அப்புறம் நடக்கப்போவது தெரியாதுதான், இருந்தாலும் இத்தனை பேரைத் தவறான பக்கம் திருப்பிவிட்ட பெயர் வேறு இருக்காது.

255 வகைக் கேமராக்களுக்குக் கம்பெனி டிரைவர்தான் ஒரே வழி என்று அந்நாளில் இருந்தது. சிடியில் வந்த டிரைவர் புதிய விண்டோஸில் ஏறாததற்குக் காரணம் பழமை மட்டுமல்ல. டிரைவர் என்பது இயங்குதளத்தின் மையத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஓடும் நிரல். 64 பிட் மையத்துக்குள் 32 பிட் நிரல் ஓட முடியாது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். அது சாதாரண மென்பொருளிடம் ‘இது விண்டோஸ் எக்ஸ்பிதான்’ என்று பொய் சொல்லும் ஏற்பாடு, டிரைவரிடம் எடுபடாது. மேக்கிலும் 2019-இன் கேட்டலினாவோடு 32 பிட் மென்பொருள்கள் போய்விட்டன. கம்பெனியிடமே கேட்கலாம் என்றால் கம்பெனி இருக்க வேண்டும். கோனிகா மினோல்டா 2006-இல் கேமரா தொழிலை விட்டது. கோடாக் 2012-இல் திவால் மனு கொடுத்தது. 2018-இல் காசியோ சிறு கேமராக்களை நிறுத்தியது. 2021-இல் ஒலிம்பஸின் கேமராப் பிரிவு கைமாறியது.

அவர்கள் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது லிப்ஜிஃபோட்டோ2 என்ற கட்டற்ற மென்பொருள். கம்பெனிகள் வெளியிடாத மொழிகளையும் கேபிளில் ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்டே கற்றுக்கொண்ட தன்னார்வலர்களின் வேலை இது. 2,500-க்கும் மேற்பட்ட கேமராக்களை அதற்குத் தெரியும். இதற்காக உங்கள் விண்டோஸை அழிக்க வேண்டாம். ஒரு பென் டிரைவில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கிக் கேமராவைச் செருகினால், ஃபைல் மேனேஜரிலேயே படங்கள் வரக்கூடும். அதற்கும் மசியாத கேமரா என்றால், விர்ச்சுவல்பாக்ஸில் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை ஒரு மென்பொருள் கம்ப்யூட்டராக ஓட்டி, யூஎஸ்பி சாதனத்தை அதற்கு ஒப்படைத்து, உள்ளே அந்தப் பழைய சிடியைப் போடலாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன, ஆகவே அதற்கு இன்டர்நெட் காட்டக் கூடாது.

யூஎஸ்பிக்கும் முந்தியவை, 1994-இன் ஆப்பிள் குவிக்டேக் 100, 1995-இன் காசியோ கியூவி-10 போன்றவை, சீரியல் கேபிள்காரர்கள். சீரியல் இணைப்பில் விநாடிக்கு 1,15,200 பிட் என்பது நல்ல வேகம். அதில் 100 கேபி படம் இறங்க 9 விநாடி ஆகும். இவற்றில் சிலவற்றுக்கு யூஎஸ்பி-சீரியல் அடாப்டரும் அதே லிப்ஜிஃபோட்டோவும் முயன்று பார்க்கலாம், பொறுமை இருந்தால்.

படங்கள் இறங்கியதும் தேதியைப் பாருங்கள். வருடக்கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்த கேமராவின் கடிகாரம் நின்று, ஆன் செய்ததும் தன் பிறந்த தேதிக்குப் போயிருக்கும். அது இனி எடுக்கும் படங்களைத்தான் பாதிக்கும். ஆனால் படம் எடுத்த அந்தக் காலத்திலேயே பேட்டரி மாற்றியபோது ‘தேதி வை’ என்று கேமரா கேட்டதை யாரோ தள்ளிவிட்டிருந்தால், ஒரு கல்யாணம் 2002 ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்கியதாகப் பதிவாகியிருக்கும். படங்களுக்கு இடையே உள்ள நேர இடைவெளி மட்டும் சரியாகத்தான் இருக்கும். ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும். வித்தியாசத்தைக் கணக்கிட்டு எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தால் எல்லாப் படங்களின் தேதியிலும் அதைக் கூட்டிவிடும். மாற்றுவதற்கு முந்தைய ஃபைலையும் அது பக்கத்திலேயே விட்டுவைக்கும், எனவே கூட்டல் தப்பினாலும் திரும்பச் செய்யலாம். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் இருக்குமே, தாலி கட்டும் படத்திலிருந்து தொடங்குங்கள்.